மித்வல்லிக்கு நான் செய்த மரியாதைக் குறைவு

மருத்துவர்கள் எல்லாரும் கைவிரித்துவிட்ட ஒரு மனிதனை நான் ஒரு ஹூக்காவால் இந்த உலகத்துக்குத் திரும்ப இழுத்து வந்திருக்கிறேன். அந்த ஹூக்காவில் நெருப்பில்லை, புகையிலை இல்லை, புகை மருந்துக்கும் இல்லை. வெறும் தண்ணீரும் குழாயும். போதாக்குறைக்கு, அந்த மனிதனை முகத்துக்கு நேரே அவமானப்படுத்தித்தான் எழுப்பினேன். அலெக்ஸாண்ட்ரியாவில் இதைச் சொன்னால் டிராம் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைகூடச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். ஆயுசில் பாதியை இந்த ஊர் டிராமை ஓட்டியே கழித்தவன் நான். என் டிராமில் ஏறாத ஆள் இல்லை, இறங்கும்போது என் கதை ஒன்றைக் கூடவே எடுத்துப் போகாத ஆளும் இல்லை.

பெயர் பரகாத். ஓய்வு பெற்றபின் எனக்கு ஒரே உத்தியோகம்தான். அன்ஃபூஷி மீன்சந்தைக்குப் பின்னால் இருக்கும் காப்பிக்கடையில், கடலைப் பார்த்த நாற்காலி காலியாகிவிடாமல் பார்த்துக்கொள்வது. எதிர் நாற்காலி மித்வல்லியுடையது. துறைமுகச் சுங்கத்தில் பெட்டிகளைத் திறந்து சோதிக்கும் அதிகாரியாக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. நான் ஒரு கதை சொன்னால் அதையும் பெட்டி மாதிரி திறந்து, எது நிஜம், எது தீர்வை கட்டாமல் உள்ளே வந்தது என்று தனித்தனியாக எடுத்து வைப்பான். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஹூக்கா. ஒரே குழாய். அவன் இழுக்கும்போது நான் பேசுவேன், நான் இழுக்கும்போது அவன் நான் பேசியதைத் திருத்துவான். அப்படித்தான் எங்கள் நட்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஹூக்கா எங்கே பிறந்தது என்பதில் எங்களுக்குள் தீராத வழக்கு. மித்வல்லியின் கட்சி இது. இந்தியாவில் ஒரு தேங்காய்ச் சிரட்டையும் ஒரு நாணல் குச்சியுமாக அது கிளம்பியது. பாரசீகத்துக்குப் போனதும் அங்கே தேங்காயின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கண்ணாடிக் குடுவையும் பாம்பு போன்ற குழாயும் வழியில் சேர்ந்துகொண்டன. துருக்கிக்காரன் கைக்கு வந்தபோது அதற்கு மரியாதை முறைகள் வந்தன. பிறகு கப்பலேறி எங்கள் ஊருக்கு வந்து இறங்கியது. தானே அன்று துறைமுகத்தில் நின்று பெட்டியைத் திறந்து பார்த்ததுபோல் சொல்வான்.

என் கட்சி வேறு. இந்திய ராஜா ஒருவரின் யானைக்கு ஜலதோஷம். வைத்தியர் மூலிகைப் புகையைத் தண்ணீர் வழியாக அதன் தும்பிக்கையில் ஏற்றினார். யானைக்கு ஜலதோஷம் போய்விட்டது, ஆனால் பழக்கம் விடவில்லை. அது கண்ணை மூடிக்கொண்டு சொக்கியிருப்பதைப் பார்த்து ராஜாவுக்குப் பொறாமை. அதனால்தான் ஹூக்காவின் குழாய் இன்றைக்கும் தும்பிக்கை மாதிரியே இருக்கிறது. இதைவிடப் பெரிய சாட்சி யாருக்கு வேண்டும்? இதை இப்போது மித்வல்லிக்குப் படித்துக் காட்டினாலும் இடது கையால் மேசையைத் தட்டி, யானையைக் கதையிலிருந்து வெட்டச் சொல்லுவான். வெட்ட மாட்டேன்.

அவனுக்கு ஹூக்காவின் சரித்திரத்தைவிட அதன் மரியாதைதான் பெரிது. குழாயை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது வாய்முனை அவர் முகத்தைப் பார்த்து நீளக் கூடாது. காலை நீட்டிக் காட்டுவதற்குச் சமம் அது. ஒன்று, மேசைமேல் வைத்துவிட வேண்டும், அவர் எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் குழாயை மடக்கி, வாய்முனை நம் பக்கமே பார்க்கும்படி நீட்ட வேண்டும். வாங்குகிறவர் நம் புறங்கையை இரண்டு தட்டுத் தட்டி நன்றி சொல்வார். எங்கள் கடையில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் மித்வல்லி அதைத் தொழுகைக்கு அடுத்த இடத்தில் வைத்திருந்தான். நான் பேச்சு மும்முரத்தில் கொஞ்சம் கோணலாக நீட்டினால்கூடப் போதும்.

"பாரசீகன் கண்ணாடி குடுத்தான், துருக்கிக்காரன் மரியாதை குடுத்தான், நீ வெறும் எச்சிலைக் குடுக்கற பரகாத்து" என்பான்.

ஒருமுறை கெய்ரோவிலிருந்து வந்த மோட்டார் உதிரிபாக வியாபாரி ஒருவர் எங்களோடு உட்கார்ந்தார். நாலு இழுப்பு இழுத்துவிட்டு, வாய்முனையை மித்வல்லியின் மூக்குக்கு நேரே நீட்டினார். கடை முழுக்கத் தாயம் உருட்டும் சத்தம் நின்றது. மித்வல்லி வலது சுட்டுவிரலை மட்டும் நீட்டினான். அந்த வாய்முனையை மெதுவாகத் தள்ளித் தள்ளி, வியாபாரியையே பார்க்கும்படி திருப்பி வைத்தான். பிறகு தேநீரை எடுத்துக் குடித்தான். அந்த வியாபாரி எழுந்து எங்களிடமும், பக்கத்து மேசையிடமும், கடைப் பூனையிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கெய்ரோவுக்கு நடந்தே போய்விட்டதாகக் கேள்வி.

போன குளிர்காலத்தில், புயல் மழை கடற்கரைச் சாலையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில், மித்வல்லி ஒரு காலுக்குக் காலுறை மாட்டிவிட்டு மற்றக் காலுக்கு மாட்டாமலே சரிந்துவிட்டான். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கண் திறந்திருக்கும். ஆனால் அந்தக் கண்ணுக்குள் ஆள் இருக்கிறானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இடது பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். ஆனாலும் அவன் அதையும் அசைக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. ஏதாவது ஓர் அசைவு, கேட்டதற்குப் பதிலாக ஓர் அசைவு இருந்தால் நம்பலாம், பயிற்சி கொடுக்கலாம் என்றார் கடைசியாகப் பார்த்த மருத்துவர்.

அவன் மனைவி இன்ஷிராஹ், அந்த ஓர் அசைவுக்காகத் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் செலவு செய்தாள். வாயில் கரண்டியால் கஞ்சி ஊற்றிக்கொண்டே பேசுவாள். துறைமுகத்துக்கு வந்திருக்கும் கப்பல்களின் பெயரைப் பத்திரிகையிலிருந்து அவன் காதில் வாசிப்பாள். கல்யாணத்தில் அவன் மாமா மயங்கி விழுந்ததை நினைவுபடுத்துவாள். கெஞ்சியும் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

இன்ஷிராஹுக்கும் ஹூக்காவுக்கும் ஆகாது. எப்போதோ ஒருமுறை அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தபோது, மேல்கிண்ணத்திலிருந்து ஒரு கங்கு உருண்டு, அவள் கையால் பூவேலை செய்த சோபா உறையில் விழுந்தது. எலுமிச்சம்பழம் அளவு ஓட்டை. அவள் கணக்கில் அது தர்பூசணி அளவு. எல்லாரும் நான்தான் மிகைப்படுத்துகிறேன் என்கிறார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் ஹூக்கா நுழையக் கூடாது என்பது சட்டம். என் பெயரும் மாறிவிட்டது. கங்கு அண்ணன்.

மகன் ரஃபத் குவைத்தில் பொறியாளர். அவன் பெயரை வைத்துத்தான் இன்ஷிராஹை நான் உம்மு ரஃபத், அதாவது ரஃபத்தின் தாய், என்று கூப்பிடுவேன். நல்ல பிள்ளை. வாரா வாரம் தொலைபேசியில் அழுவான். அவன் ஒரு முடிவெடுத்தான். கெய்ரோவுக்கு வெளியே இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது, அப்பாவை அங்கே விட்டுவிட்டு அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போகலாம் என்று. அம்மா தூங்கி எத்தனை நாளாயிற்றோ, இப்படியே விட்டால் இரண்டு பேரையும் இழந்துவிடுவேன் என்றான். அதில் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறான், சனிக்கிழமை காலை கார். இன்ஷிராஹ் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மித்வல்லியின் சட்டைகளை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை மதியம் நான் காப்பிக்கடைக்குப் போய், எங்கள் ஹூக்காவைத் தூக்கிக்கொண்டேன். கரி வேண்டாம், புகையிலை வேண்டாம் என்றேன். கடைக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கம்பளியில் அதைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு மித்வல்லி வீட்டு மாடிப்படி ஏறினேன். மூன்றாம் மாடிக்காரி எட்டிப் பார்த்து, பேரப்பிள்ளையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கழுத்து நீளமாக இருக்கிறதே என்றாள். அம்மா வழி என்றேன். மாஷா அல்லாஹ் சொல்லி, கம்பளிமேல் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

கதவைத் திறந்த இன்ஷிராஹ் கம்பளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னண்ணே அது?"

"மீன் குழம்பு. சூடு ஆறக் கூடாதுன்னு சுத்திக் கொண்டாந்தேன்."

"மீன் குழம்பு கலகலங்குது."

"பெரிய முள்ளு மீன், உம்மு ரஃபத்."

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். மொலோகியா கீரைக்குப் பூண்டு இடிக்கும் சத்தம் கேட்டது. ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமையான பெருமை.

மித்வல்லி தலையணையில் சாய்ந்து கிடந்தான். முகம் மழித்து, தலை வாரி, சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு விட்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஹூக்காவை வைத்து, குடுவையில் தண்ணீர் ஊற்றினேன். முதலில் சத்தத்தைக் கேட்கட்டும் என்று வெறும் காற்றை இழுத்தேன். குடுகுடுவென்று குடுவை பேசியது. எங்கள் சாயங்காலங்களின் சத்தம் அது. இன்னும் இழுத்தேன். அந்த அறையின் காற்று முழுக்க என் வயிற்றுக்குள் போய், ஜன்னல் திரை என் பக்கமாக வளைகிற அளவுக்கு இழுத்தேன். அவன் கண் கூரையைவிட்டு நகரவில்லை.

அடுத்தது மரியாதை. குழாயை மடக்கி, வாய்முனையை என் பக்கம் திருப்பி, அவன் இடது கையருகே நீட்டினேன். "எடுத்துக்க மித்வல்லி, உன் முறை" என்றேன். புறங்கையில் இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தேன். பூண்டு இடிக்கும் சத்தம் மட்டும்தான்.

யானைக் கதையைச் சொன்னேன். வேண்டுமென்றே யானைக்கு இரண்டு தும்பிக்கை வைத்தேன். திருத்துவான் என்று பார்த்தேன். திருத்தவில்லை.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. சனிக்கிழமை கார் வரப்போகிறது, இவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கூரையை எண்ணிக்கொண்டிருக்கிறான். நாளை மறுநாள் முதல் என் கதைகளை யார் திறந்து பார்ப்பது? சோதனை இல்லாமல் நான் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டு திரியலாம். அதைப்போல ஒரு தண்டனை உண்டா? எழுந்து நின்றேன். குழாயை நிமிர்த்திப் பிடித்தேன். வாய்முனையை அவன் மூக்குக்கு நேரே, ஒரு விரல் இடைவெளியில், துப்பாக்கி மாதிரி நீட்டினேன்.

"இந்தா. இழு" என்றேன். நாய்க்கு எலும்பு போடுகிற குரலில் சொன்னேன்.

பூண்டு இடிக்கும் சத்தம் நின்றிருந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

மித்வல்லியின் கண் கூரையிலிருந்து இறங்கியது. சொல்கிறேன், எங்கள் டிராம் ரம்ல் நிலையத்துக்கு வருவதைவிட மெதுவாக இறங்கியது. வாய்முனையில் வந்து நின்றது. போர்வைமேல் கிடந்த இடது கை கிளம்பியது. வாழ்நாளில் இடது கையால் யாருக்கும் ஒரு டம்ளர் நீட்டாதவன் அவன். சுட்டுவிரல் பிரிந்து வந்தது. வாய்முனையைத் தொட்டது. தள்ளியது. இன்னும் தள்ளியது. அது என் முகத்தையே பார்க்கும்வரை விடவில்லை. பிறகு அந்தக் கை, வேலை முடிந்த அதிகாரி மாதிரி, போர்வைக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

நான் போட்ட கூச்சலில் துறைமுகத்தில் இரண்டு கப்பல் நங்கூரம் தூக்கிவிட்டது.

இன்ஷிராஹ் பூண்டு உலக்கையோடு வாசலில் நின்றாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஹூக்காவைப் பார்த்துத்தான் கோபம் என்று நினைத்தேன். அசைந்தான், விரலால் திருப்பினான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் கட்டிலைப் பார்த்தாள். மித்வல்லி மறுபடி கூரைக்குப் போயிருந்தான்.

"நீங்களே திருப்பி வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிடறீங்க" என்றாள். "கங்கு அண்ணே, போதும். டிராம்ல விட்ட கதையெல்லாம் இந்த அறையில வேணாம்."

மறுபடி நீட்டிக் காட்டினேன். மித்வல்லி கண்ணை மூடிக்கொண்டான். சுங்கத்தில் இருந்தபோதும் அவன் ஒரு பெட்டியை ஒருதரம்தான் திறப்பான், இரண்டாம் தரம் திறக்கச் சொன்னால் முறைப்பான். அவள் உலக்கையாலேயே எனக்குக் கதவைக் காட்டினாள். நான் கம்பளிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ரஃபத் வந்துவிட்டான் என்று கேட்டு ஓடினேன். கூடத்தில், ஓட்டை விழுந்த சோபாவில், பெட்டியைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். இன்ஷிராஹ் எதிரில், கையைக் கையால் பிடித்துக்கொண்டு. படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. மித்வல்லியின் பாதம் தெரிந்தது. சுவரோரம் அவன் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது.

நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்று வழி நெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்தேன். என்ன செய்வது, என் நாக்கு வேறு யாருடைய நாக்கும் இல்லையே. விரல் என்று ஆரம்பித்தேன், அது வலது கையாகிவிட்டது. கை என்றேன், எழுந்து உட்கார்ந்துவிட்டான். குழாயைப் பிடுங்கி என் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினான் என்று நான் சொல்லி முடித்தபோது, எனக்கே என் கழுத்து வலித்தது.

ரஃபத் எழுந்து வந்து என் தலையில் முத்தமிட்டான்.

"சித்தப்பா, எனக்கு எட்டு வயசிருக்கும்போது, உங்க டிராம் கடலுக்குள்ள இறங்கி சைப்ரஸ் போய் வந்துச்சுன்னு சொன்னீங்க. நான் பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லி அடி வாங்கினேன். நீங்க அப்பாவுக்காக வந்தீங்களே, அது போதும்."

அவன் அப்படி அன்பாகச் சொன்னதுதான் என்னை வெட்டிப் போட்டது. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையைக் குறைக்க ஆரம்பித்தேன். சரி, கழுத்தில் சுற்றவில்லை. எழுந்து உட்காரவில்லை. கையும் முழுசாக இல்லை. "ஒரு விரல், ரஃபத். ஒரே ஒரு விரல். வேற எதுவும் இல்ல. அந்த ஒரு விரலை மட்டும் நம்பு" என்றேன். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி, குளிரில் நிற்கிறவன் மாதிரி நின்றேன். குறைக்கக் குறைக்கத்தான் அது பெரிய பொய்யாகத் தெரிந்தது.

ரஃபத் தரையைப் பார்த்தான். பிறகு, கடமைக்குக் கேட்கிறவன்போல், அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, நீங்க ஏதாவது பார்த்தீங்களா?"

இன்ஷிராஹ் சோபா உறையின் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே தெருவில் உப்புக்கடலை விற்பவன் கூவிக்கொண்டு போனான், அவன் குரல் மூலை திரும்பி மறைந்தது.

"வலது கை இல்ல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. ரஃபத்துக்கும்தான்.

"வலது கைன்னு சொல்றார்ல, அது பொய். இடது கை. இடது சுட்டுவிரல்." அவள் தன் விரலைத் தூக்கிக் காற்றில் எதையோ மெதுவாகத் தள்ளிக் காட்டினாள். மித்வல்லியின் விரலேதான் அது. "மூக்குக்கு நேரா நீட்டினார், இந்த மனுஷன். நான் உலக்கையோட கதவோரமா நின்னுக்கிட்டிருந்தேன். அந்தக் கலகலச் சத்தம் கேட்டப்பவே தெரியும் என்ன மீன்னு. விரட்டத்தான் வந்தேன்."

"அப்ப ஏன்மா இல்லைன்னு…"

"இத்தனை வாரமா அந்தக் காதுல பேசறேன், ரஃபத். ஒரு இமை அசையல. இவர் ஒரு குழாயை நீட்டினதும் அசைஞ்சா, எனக்கு எப்படி இருக்கும்?" கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அதோட பயம். ஆமான்னு சொல்லி, மறுபடி அசையலன்னா நான் எங்க போவேன்."

நான் மெல்ல, அவனுக்கு உன் பேச்சு கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும் உம்மு ரஃபத், நீ ஒருதரமாவது மரியாதை இல்லாமல் பேசியிருந்தால் அன்றைக்கே எழுந்திருப்பான் என்றேன். அவள் அழுகையினூடே என்னை முறைத்தாள். எழுந்தாள். சுவரோரம் இருந்த துணிப்பையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, இஸ்திரி போட்ட சட்டைகளை ஒவ்வொன்றாக மறுபடி அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள்.

"காரை வேண்டாம்னு சொல்லிடுப்பா" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "கங்கு அண்ணன் சொன்னது நிஜம். நடந்துச்சு. நான் பார்த்தேன்."